கண்ணில் விட்ட சொட்டு தொண்டையில் கசப்பது ஏன்?

கேள்வி இது: "அம்மாவுக்கு 68 வயது. வலக்கண்ணில் கண்புரை எடுத்து லென்ஸ் வைத்து மூன்று நாள் ஆகிறது. ப்ரெட்னிசலோன் அசிடேட் சொட்டு மருந்து நாளுக்கு ஆறு முறை, நெபாஃபெனாக் மூன்று முறை, கூடவே மாக்ஸிஃப்ளாக்ஸசின். ஒவ்வொரு முறையும் விட்ட சற்று நேரத்தில் தொண்டை கசக்கிறது என்கிறார். மருந்து கண்ணுக்குள் போகிறதா, வயிற்றுக்குப் போகிறதா? பாதி வெளியே வழிவதால் இரண்டிரண்டு சொட்டாக விடுகிறோம். சரிதானா?"

மருந்து இரண்டு இடத்துக்கும் போகிறது. பெரும்பங்கு மூக்குக்கும் தொண்டைக்கும் போகிறது, மிகச் சிறு பங்கு கண்ணுக்குள் போகிறது. ஒழுங்காக விட்டால் அந்தச் சிறு பங்கே போதும். இரண்டு சொட்டு விடுவதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். கண் மருத்துவமனை மருந்தகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தவன் நான். அறுவை சிகிச்சை அருமையாக முடிந்தும், அதன்பின் வீட்டில் சொட்டு விடும் அந்த ஆறு வாரத்தில் தடுமாறிப்போன கண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இடக் கணக்கு. சாதாரணக் குப்பியிலிருந்து விழும் ஒரு சொட்டு 30 முதல் 50 மைக்ரோலிட்டர் இருக்கும். நம் கண்ணின் மேல் எப்போதும் இருக்கும் கண்ணீரோ 7 முதல் 10 மைக்ரோலிட்டர்தான். இமைக்கும் விழிக்கும் இடையிலுள்ள பை, சிமிட்டாமல் வைத்திருந்தால் ஏறத்தாழ 30 மைக்ரோலிட்டர் வரை தாங்கும். ஆக, ஒரே ஒரு சொட்டு விழுந்தாலே பை நிரம்பி வழிகிறது. கன்னத்தில் வழிந்ததைப் பார்த்து "மருந்து போய்விட்டது" என்று பதறுகிறோமே, அது பையில் இடமில்லாமல் வெளியேறிய மிச்சம். அதை ஈடுகட்ட இன்னொரு சொட்டு விட்டால், அது உள்ளே நிற்கும் முதல் சொட்டையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகிறது.

உள்ளே தங்கியதும் நெடுநேரம் தங்குவதில்லை. கண்ணின் உள் மூலையில், மேலிமையிலும் கீழிமையிலும் ஊசித்துளை போன்ற ஒரு வாய் உண்டு. கண்ணாடி முன் நின்று கீழிமையை மெல்ல விலக்கினால் மூக்கருகில் அதைப் பார்க்கலாம். கண்ணீர் வடிகால் அங்கே தொடங்குகிறது. குழாய் வழியாக மூக்கினுள் இறங்கித் தொண்டைக்கு வந்துவிடும். ஒவ்வொரு சிமிட்டலும் ஒரு சின்ன பம்பு போல வேலை செய்து மருந்தை அந்த வாய்க்குள் தள்ளுகிறது. அம்மா சொல்லும் கசப்பு இதுதான். மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற கிருமிக்கொல்லி இயல்பிலேயே கசப்பான மருந்து, ஆகவே அது முதலில் தெரிகிறது. ப்ரெட்னிசலோனும் நெபாஃபெனாக்கும் அதே வழியில்தான் போகின்றன. நாக்கு அவற்றை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.

1970-களில் முயல்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு மருந்துச் சொட்டு விட்டு, 30 விநாடி கழித்து வெறும் உப்புநீர்ச் சொட்டு ஒன்று விட்டால், முதல் மருந்தின் பலனில் 45 சதவீதம் போய்விட்டது. இரண்டு நிமிடம் கழித்து விட்டால் 17 சதவீதம் போயிற்று. ஐந்து நிமிடம் பொறுத்தால் இழப்பு ஏறக்குறைய இல்லை. மருந்துச் சீட்டில் "ஐந்து நிமிட இடைவெளி" என்று எழுதுவது இந்தக் கணக்கில்தான். மூன்று குப்பியையும் வரிசையாக எடுத்து அடுத்தடுத்து விட்டு முடிக்கும் வீடுகளில், கடைசியாக விட்ட மருந்துதான் கண்ணில் நிற்கிறது. முதல் இரண்டும் தொண்டைக்குப் போயிருக்கும்.

இரண்டு சொட்டுக் கணக்கில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ப்ரெட்னிசலோனை நம் ஊரில் பலருக்கும் எழுதிக் கொடுக்கும் முறை முதல் வாரம் நாளுக்கு ஆறு, அடுத்த வாரம் ஐந்து, பிறகு நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கும். கூட்டிப் பார்த்தால் 147 சொட்டு. 5 மில்லிலிட்டர் குப்பியில், சொட்டுக்கு 40 மைக்ரோலிட்டர் என்று வைத்தால், 125 சொட்டுதான் இருக்கிறது. ஒரு சொட்டுகூட வீணாகாவிட்டாலும் இரண்டாவது குப்பி வேண்டும். திறந்த குப்பியை நான்கு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதாலும் வேண்டும். இரண்டிரண்டாக விட்டால் இரண்டாம் வாரத்தின் நடுவிலேயே குப்பி காலி. "மருந்து தீர்ந்துவிட்டது, கண்ணும் நன்றாகத்தானே இருக்கிறது" என்று அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ப்ரெட்னிசலோன் ஒரு ஸ்டீராய்டு, அழற்சியை அடக்கும் மருந்து; படிப்படியாகக் குறைக்க வேண்டிய அதைப் பாதி வழியில் நிறுத்தினால் அழற்சி திரும்ப எழுகிறது. கண் சிவந்து, வெளிச்சம் பார்க்கக் கூசி, வலியோடு வந்து நின்றவர்களிடம் விசாரித்தால் பலரிடம் இந்தக் கதையே வந்தது.

இனி, கண்ணின் மேல் நின்ற மருந்து உள்ளே போகும் வழி. அது எளிய வழி கிடையாது. உடம்புக்குள் எதையும் விடாமல் காக்கும் கதவுகளில் மிகக் கெட்டியான ஒன்று கருவிழி. இங்கே கருவிழி என்று நான் சொல்வது, கடிகாரத்தின் மேல்கண்ணாடி போலக் கண்ணின் முன்னால் தெளிவாக இருக்கும் படலத்தை. அதன் நடுப்பகுதியின் கனம் அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே கூடுதல். அந்த அரை மில்லிமீட்டருக்குள் ஒன்றுக்கொன்று முரணான மூன்று அடுக்குகள் இருக்கின்றன. மேலே ஐந்தாறு வரிசைச் செல்கள் இடைவெளியே இல்லாமல் நெருக்கித் தைத்ததுபோல் நிற்கின்றன. இது எண்ணெய்ப் பசை கொண்ட அடுக்கு, கொழுப்பில் கரையும் பொருள்தான் இதைக் கடக்கும். அதற்கு அடியில் கருவிழியின் பெரும்பகுதியான நடு அடுக்கு. அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், அதைக் கடக்க நீரில் கரையும் தன்மை வேண்டும். கடைசியில் ஒரே வரிசைச் செல்களால் ஆன உள் அடுக்கு. எண்ணெய்க்கும் சொந்தமாக, தண்ணீருக்கும் சொந்தமாக இருக்கும் மருந்துதான் மூன்றையும் தாண்டும். கண் சொட்டு மருந்து தயாரிப்பவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இதுதான்.

உங்கள் அம்மாவுக்குக் கொடுத்திருக்கும் மருந்தின் பெயரில் "அசிடேட்" என்று ஒரு வால் இருக்கிறது அல்லவா? அந்த வால்தான் மேல் அடுக்கைக் கடப்பதற்கான அனுமதிச் சீட்டு. ப்ரெட்னிசலோனோடு அசிடேட் சேரும்போது அது எண்ணெய்த் தன்மை பெறுகிறது. தண்ணீரில் கரையாமல் வெள்ளைத் துகளாக மிதக்கிறது. கருவிழிக்குள் நுழைந்ததும் அங்குள்ள நொதிகள் அந்த வாலை வெட்டிவிடுகின்றன. வெறும் ப்ரெட்னிசலோன் நடு அடுக்கைக் கடந்து உள்ளே போகிறது. அதே ப்ரெட்னிசலோனுக்குப் பாஸ்பேட் வால் வைத்தால் தண்ணீரில் தெளிவாகக் கரையும், குலுக்க வேண்டியதில்லை, பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் மேல் அடுக்கிலேயே நின்றுவிடும். முயல்களில் மேல் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பார்த்தபோது, பின்தங்கியிருந்த பாஸ்பேட் ஏறக்குறைய அசிடேட்டின் அளவுக்கு வேலை செய்தது. தடையாக நின்றது அந்த மெல்லிய மேல் அடுக்குதான் என்பது அதில் உறுதியாயிற்று.

மனிதக் கண்ணில் இதை எப்படி அளப்பது? மருந்து போகிறதா என்று பார்ப்பதற்காக ஒருவர் கண்ணைத் துளைக்க முடியாது. இங்கேதான் கண்புரை நோயாளிகள் மருத்துவ உலகுக்குப் பெரிய உதவி செய்திருக்கிறார்கள். அவர்கள் கண்ணை எப்படியும் திறக்கத்தான் போகிறார்கள். எனவே, அவர்கள் சம்மதத்தோடு, அறுவைக்கு இத்தனை நிமிடம் முன்பு என்று குறித்துக்கொண்டு ஒரே ஒரு சொட்டு விடுகிறார்கள். மேசையில் முதல் கீறல் போட்டவுடன், கருவிழிக்கும், அதன் பின்னால் கண்ணுக்கு நிறம் தரும் திரையான ஐரிஸுக்கும் இடையில் நிற்கும் முன்கண் நீரில் ஏறத்தாழ 0.1 மில்லிலிட்டரை மெல்லிய ஊசியால் எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். ஒரு நோயாளியிடமிருந்து ஒரே ஒரு நேரத்துக்கான அளவுதான் கிடைக்கும். ஒருவரிடம் 30 நிமிடத்தின் அளவு, இன்னொருவரிடம் 60 நிமிடத்தின் அளவு, வேறொருவரிடம் நான்கு மணி நேரத்தின் அளவு என்று பல பேருடைய கண்களைச் சேர்த்துத்தான் ஒரு வளைகோடு வரைய முடியும். மருந்துப் பெட்டியோடு வரும் தாளில் "ஒரு மணி நேரத்தில் உச்ச அளவு" என்று ஒற்றை வரியாக இருப்பதன் பின்னால், அறுவைக்குக் காத்திருந்த இத்தனை முதியவர்கள் இருக்கிறார்கள்.

அப்படி ஓர் ஆய்வு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் நடந்து 1990-ல் வெளியானது. ப்ரெட்னிசலோன் அசிடேட் 1 சதவீதச் சொட்டு ஒன்று விட்டவர்களின் முன்கண் நீரில், இரண்டு மணி நேரத்துக்குள் சராசரி உச்ச அளவு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 670 நானோகிராம் இருந்தது. 24 மணி நேரம் கழித்தும் சிறிதளவு மிச்சம் தென்பட்டது. ப்ரெட்னிசலோன் பாஸ்பேட் 0.5 சதவீதம் விட்டவர்களுக்கு உச்சமே 26 நானோகிராம் அளவில்தான் இருந்தது. செறிவு பாதி என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும் இடைவெளி மிகப் பெரிது. அம்மாவின் மருத்துவர் அசிடேட்டை எழுதியது ஏன் என்பது இதிலிருந்து தெரியும்.

இந்த எண்ணை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 சதவீத மருந்தின் 40 மைக்ரோலிட்டர் சொட்டில் 400 மைக்ரோகிராம் மருந்து இருக்கிறது. கண்ணின் முன்னறையில் இருப்பது கால் மில்லிலிட்டர் நீர். உச்ச நேரத்தில் அதில் இருப்பது 0.17 மைக்ரோகிராம் அளவு. விட்டதில் 2,400-ல் ஒரு பங்குதான் அந்த நொடியில் முன்கண் நீரில் மிதக்கிறது! கருவிழியிலும் ஐரிஸிலும் ஊறியதையும், வந்து போய்விட்டதையும் சேர்த்தால் இன்னும் கூடும். பொதுவாகச் சொட்டு மருந்தில் 5 சதவீதத்துக்கும் குறைவாகவே கண்ணுக்குள் போகிறது என்பார்கள். ஆனாலும் இது போதும். ஸ்டீராய்டு நானோகிராம் அளவிலேயே செல்லின் நடத்தையை மாற்றக்கூடியது. குப்பியில் அவ்வளவு செறிவாக அடைத்துக் கொடுப்பதே, வழியில் இத்தனையும் போகும் என்று தெரிந்துதான்.

முன்கண் நீரும் தேங்கிய குட்டை கிடையாது. நிமிடத்துக்கு இரண்டு, மூன்று மைக்ரோலிட்டர் புதிதாகச் சுரந்து, பழையது வடிகிறது. ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முழுவதும் மாறிவிடும். உள்ளே போன மருந்தையும் அது கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. நாளுக்கு ஆறு முறை என்று எழுதுவது அதனால்தான். காலையில் மறந்ததை மாலையில் சேர்த்து விட்டால் அந்தக் காலை திரும்பி வராது.

அடுத்தது நெபாஃபெனாக். இது ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்து. கெட்டோரோலாக், ப்ரோம்ஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஃப்ளர்பிப்ரோஃபென் எல்லாம் இதே குடும்பம். அறுவையின்போது கருவியும் அதிர்வும் ஐரிஸைத் தொடும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. கண் சிவப்பதும், விரிந்த பாப்பா (ஐரிஸின் நடுவிலுள்ள துளை) சுருங்குவதும், இரத்தக் குழாயிலிருந்து புரதம் கசிவதும், பின்னால் விழித்திரையின் நடுப்பகுதி வீங்குவதும் பெரும்பாலும் இதன் வேலை. ஸ்டீராய்டு இந்தச் சங்கிலியை மேலேயே பிடிக்கிறது. இந்தக் குடும்பம் புரோஸ்டாகிளாண்டினை உண்டாக்கும் நொதியைப் பிடிக்கிறது. அதனால்தான் இரண்டையும் சேர்த்து எழுதுகிறார்கள்.

இந்தக் குடும்பத்தில் பெரும்பாலான மருந்துகள் அமிலங்கள். கண்ணீரில் போட்டால் மின்னேற்றம் பெற்றுவிடும். மின்னேற்றம் பெற்ற பொருளை எண்ணெய் அடுக்கு எளிதில் விடாது. நெபாஃபெனாக்கில் அமில முனையை அமைடாக மாற்றி மூடி வைத்திருக்கிறார்கள். அதற்கு மின்னேற்றம் கிடையாது, ஆகவே விரைவாக நுழைகிறது. நுழைந்த பிறகு கருவிழியிலும் ஐரிஸிலும் விழித்திரையிலும் உள்ள நொதிகள் மூடியைக் கழற்ற, ஆம்ஃபெனாக் என்ற உண்மையான மருந்து வெளிப்படுகிறது. ப்ரோம்ஃபெனாக்கில் வேறு உத்தி: அதே ஆம்ஃபெனாக் மூலக்கூறில் ஒரு ப்ரோமின் அணுவைப் பொருத்தி எண்ணெய்த் தன்மையைக் கூட்டியிருக்கிறார்கள்.

கண்புரை நோயாளிகளிடம் இவற்றை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2007-ல் வந்தது. ஒரு சொட்டுக்குப் பின் முன்கண் நீரில் உச்ச அளவு நெபாஃபெனாக்குக்கு மில்லிலிட்டருக்கு 205 நானோகிராம், அதிலிருந்து வந்த ஆம்ஃபெனாக்குக்கு 70, கெட்டோரோலாக் 0.4 சதவீதத்துக்கு 57, ப்ரோம்ஃபெனாக் 0.09 சதவீதத்துக்கு 26. உச்சத்தை மிக விரைவில் தொட்டதும் நெபாஃபெனாக்தான். இந்த எண்களைப் பார்த்து, ப்ரோம்ஃபெனாக் எழுதிக் கொடுத்தவர் தவறு செய்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு மருந்துக்கும் நொதியைப் பிடிக்கும் வலிமை வேறு. குறைந்த அளவிலேயே நொதியை அடக்கும் மருந்துக்கு அதிக அளவு தேவையில்லை. இந்த ஒப்பீட்டு எண்களை விளம்பரத் தாள்களில் பெரிதாகப் போடுவார்கள். எவ்வளவு போயிற்று என்பதோடு, போனது எவ்வளவு வேலை செய்தது என்றும் சேர்த்துக் கேட்டால்தான் படம் முழுமையாகும்.

அறுவை நாளன்று காலையில், புருவத்துக்கு மேல் ஒட்டுப்பட்டை ஒட்டிய முதியவர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். செவிலியர் குறித்த இடைவெளியில் வந்து தலையை நிமிர்த்தி ஒரு சொட்டு விட்டுப் போவார். "எத்தனை தடவைதான் விடுவீர்கள் அம்மா" என்று சலித்துக்கொள்ளாதவர் குறைவு. ஃப்ளர்பிப்ரோஃபென் போன்ற சொட்டை அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்பே தொடங்கி, அரை மணிக்கு ஒன்றாக நான்கு சொட்டு விட வேண்டும். புரோஸ்டாகிளாண்டின் சுரந்த பிறகு அதைத் துரத்துவதைவிட, கத்தி படும் முன்பே நொதியைக் கட்டிப்போட்டு வைத்தால் பாப்பா சுருங்காமல் இருக்கும், மருத்துவருக்கும் இடம் கிடைக்கும். சில மருத்துவர்கள் ஒன்று முதல் மூன்று நாள் முன்பே வீட்டில் தொடங்கச் சொல்வதும் இதற்காகவே.

மேலே சொன்ன அளவுகளில் ஒரு குறை இருக்கிறது. அவை எல்லாம் அறுவைக்கு முன், அமைதியாக இருந்த கண்ணில் எடுக்கப்பட்டவை. அம்மாவின் கண் இன்று அப்படி இல்லை. கிருமிநீக்கத்துக்கு விட்ட அயோடினும், மரப்புச் சொட்டும், மேசை விளக்கின் கீழ் உலர்ந்ததும் சேர்ந்து மேல் அடுக்கை ஆங்காங்கே பழுதாக்கியிருக்கும். அந்த இடங்களில் மருந்து சற்று எளிதாக நுழையும். மறுபக்கம், சிவந்த கண்ணில் இரத்த ஓட்டம் கூடுதல். வெண்விழியின் மேல் போர்த்திய மெல்லிய சவ்வில் உள்ள குழாய்கள் மருந்தை வாரிக்கொண்டு போகும். உள்ளே கசிந்த புரதமும் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், முக்கியமாக நெபாஃபெனாக்கின் குடும்பத்தை. கூடுவதும் குறைவதும் ஒரே கண்ணில் நடக்கின்றன. ஆகவே முதல் வாரத்தில் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதில் நியாயம் இருக்கிறது.

விழித்திரை வரைக்கும் போகிறதா என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. கண்ணின் நீளம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். முன்னால் விழுந்த சொட்டுக்கு அது நெடும்பயணம். மூன்று நாள் சொட்டு விட்டபின் விட்ரெக்டமி (கண்ணின் பின்பகுதியை நிரப்பும் கூழ்மத்தை அகற்றும் அறுவை) செய்தபோது அந்தக் கூழ்மத்தை எடுத்து அளந்த ஓர் ஆய்வில், இந்தக் குடும்ப மருந்துகள் மில்லிலிட்டருக்கு ஒன்று முதல் மூன்று நானோகிராம் அளவில்தான் இருந்தன. இருந்தும் விழித்திரை வீக்கத்தை இவை குறைக்கின்றன. வீக்கத்தைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் பெருமளவு கண்ணின் முன்பகுதியில் சுரந்து பின்னால் பரவுகிறது. முன்பகுதியிலேயே அடக்கினால் பின்னால் போவதும் குறைகிறது. ஐரோப்பாவில் பல நாடுகளில் நடந்து 2018-ல் வெளியான பெரிய ஆய்வில், சர்க்கரை நோய் இல்லாதவர்களில் பார்வையைப் பாதிக்கும் விழித்திரை வீக்கம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மட்டும் விட்டவர்களுக்கு 5.1 சதவீதம், ப்ரோம்ஃபெனாக் மட்டும் விட்டவர்களுக்கு 3.6 சதவீதம், இரண்டும் விட்டவர்களுக்கு 1.5 சதவீதம் வந்தது. இந்த வீக்கம் பெரும்பாலும் அறுவைக்கு நான்கு முதல் ஆறு வாரம் கழித்துத் தலைகாட்டும். பத்தாம் நாள் கண் தெளிந்துவிட்டது என்று குப்பியை ஓரம் வைப்பது எவ்வளவு ஆபத்து என்று நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவு அறிவியலும் ஒரு சின்னச் செயலில் வீணாகிப் போவதை ஒருமுறை கண்ணால் கண்டேன். எழுபது தாண்டிய ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற கணக்காசிரியர். சீட்டில் எழுதிய நேரத்துக்கு எதிரே ஒவ்வொரு சொட்டுக்கும் பென்சிலால் குறி போட்டு வைத்திருந்தார். ஒரு வேளையும் தவறவில்லை. ஆனால் பதினைந்தாம் நாள் கண் சிவந்தே இருந்தது. குப்பியைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் சுண்ணாம்பு படிந்ததுபோல் வெள்ளையாக ஒரு படலம். மேலே தெளிந்த தண்ணீர். "குலுக்கினீர்களா ஐயா?" என்றேன். "மருந்தாயிற்றே, கலங்கிவிடக் கூடாது என்று ஆடாமல் எடுப்பேன் தம்பி" என்றார். அவ்வளவு ஒழுங்கான மனிதர் இரண்டு வாரமாக விட்டதில் பெரும்பகுதி தெளிநீர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை; குப்பியைக் கொடுத்தபோது யாரும் சொல்லவில்லை, அன்று அந்த இடத்தில் இருந்த நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு குப்பியைக்கூட நான் வாயைத் திறக்காமல் கொடுத்ததில்லை.

ப்ரெட்னிசலோன் அசிடேட், நெபாஃபெனாக், இன்னொரு ஸ்டீராய்டான லோட்டெப்ரெட்னால் ஆகிய மூன்றும் துகள் மிதக்கும் மருந்துகள். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும், பத்துப் பதினைந்து முறை, அடியிலுள்ள வெள்ளை மறையும் வரை. கெட்டோரோலாக்கும் ப்ரோம்ஃபெனாக்கும் மாக்ஸிஃப்ளாக்ஸசினும் தெளிந்த கரைசல். அவற்றுக்கு இது வேண்டாம். 2008-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டைஃப்ளூப்ரெட்னேட் என்ற ஸ்டீராய்டு பால்மமாகச் செய்யப்பட்டது, குலுக்காமலே ஒவ்வொரு சொட்டிலும் ஒரே அளவு மருந்து வரும். வலிமையும் அதிகம் என்பதால் கண் அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும்.

மருந்து அதிகமாக நுழைவது எல்லா நேரமும் நல்லது என்றும் நினைத்துவிடக் கூடாது. குப்பியில் கிருமி வளராமல் இருக்கச் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடு, மேல் அடுக்குச் செல்களின் தையலைத் தளர்த்தி மருந்தை உள்ளே விடுகிறது. அதே வேலை நாள் போகப் போக அந்த அடுக்கை அரிக்கவும் செய்கிறது. கண் வறட்சி, நீண்ட கால சர்க்கரை நோய், முடக்குவாதம் உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு அல்லாத சொட்டுகளால் கருவிழியே மெலிந்து உருகிய நிகழ்வுகள் உண்டு; 1999-ல் அமெரிக்காவில் இப்படிப் பல கண்கள் பாதிக்கப்பட்டு, ஒரு டைக்ளோஃபெனாக் சொட்டு சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அம்மாவுக்கு இவற்றில் ஏதாவது இருந்து மருத்துவரிடம் சொல்லாமல் விட்டிருந்தால், அடுத்த முறை போகும்போது மறக்காமல் சொல்லுங்கள். மருந்துக் கடையில் தானாக வாங்கி நீட்டிக்கவும் வேண்டாம். ஸ்டீராய்டு நீடித்தால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும். வலியே இல்லாமல் ஏறும்.

சரி, எப்படி விடுவது? 2014-ல் கனடாவில், சொட்டு மருந்து விட்டுப் பழக்கமில்லாத கண்புரை நோயாளிகள் அறுவைக்குப் பின் தாங்களே விடுவதைக் கவனித்துப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏதாவது ஒரு தவறு செய்தார்கள். கை கழுவாதது, குப்பி முனை கண்ணில் படுவது, சொட்டு கண்ணிலேயே விழாமல் போவது இப்படி. மருத்துவமனையில் ஒரு நாள் மட்டும் இருந்துவிட்டு வீடு திரும்பும் நம் முதியவர்களுக்கும் இதே நிலைதான். வீட்டில் ஒருவர் விட்டுவிடுவது நல்லது.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அம்மாவைப் படுக்க வையுங்கள், அல்லது நாற்காலியில் தலையைச் சாய்த்து மேலே பார்க்கச் சொல்லுங்கள். கீழிமையை, விழியை அழுத்தாமல், கன்ன எலும்பின் பக்கமாக இழுத்தால் சின்னதாக ஒரு பை விரியும். அதற்குள் ஒரே சொட்டு. முனை எதிலும் படக் கூடாது. நேராகக் கருவிழியின் மேல் விட்டால் திடுக்கிட்டுச் சிமிட்டுவார், கண்ணீர் பொங்கும், மருந்து நீர்த்துப் போகும். விட்டதும் இமையை மெல்ல மூடச் சொல்லுங்கள். இறுக்கி மூடினால் பை பிதுங்கி வெளியே தள்ளும். மூடிய பிறகு சுத்தமான விரல்நுனியை மூக்கின் எலும்போடு சேர்த்து, கண்ணின் உள் மூலையில் வைத்து இரண்டு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். விழியின் மேல் விரல் போகவே கூடாது. மருத்துவர் அந்தக் கண்ணைச் சில நாள் தொடவே வேண்டாம் என்று சொல்லியிருந்தால், இரண்டு மூன்று நிமிடம் கண்ணை மூடி வைத்திருந்தாலே போதும். சிமிட்டாதபோது பம்பு ஓய்ந்துவிடுகிறது. வடிகால் அடைபட்டால் மருந்து கருவிழியின் மேல் கூடுதல் நேரம் நிற்கும், இரத்தத்தில் கலப்பதும் குறையும். மூக்கின் சவ்வு வழியாக ஏறும் மருந்து கல்லீரலைக் கடக்காமல் நேரே இரத்தத்துக்குப் போகிறது என்பதால், இதய நோய் போன்றவை உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

வரிசையும் உண்டு. தெளிந்த கரைசல் முதலில், துகள் மருந்து பிறகு. அம்மாவுக்கு மாக்ஸிஃப்ளாக்ஸசின், ஐந்து நிமிடம் கழித்து நெபாஃபெனாக், மேலும் ஐந்து நிமிடம் கழித்து ப்ரெட்னிசலோன். களிம்பு ஏதாவது கொடுத்திருந்தால் அது எல்லாவற்றுக்கும் கடைசி. முன்னால் போட்டால் அடுத்த சொட்டு அதன் மேல் வழுக்கிப் போய்விடும். கன்னத்தில் வழிவதைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், கவலைப்பட வேண்டாம். சொட்டு கண்ணில் விழவே இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இன்னொன்று விடலாம்.

சொட்டே வேண்டாம் என்ற வழிகளும் வந்துவிட்டன. கண்ணீர்த் துளையில் செருகி வைத்தால் முப்பது நாள் வரை டெக்ஸாமெத்தசோனைக் கசியவிடும் சின்னக் குச்சி, அறுவை முடிவில் கண்ணுக்குள்ளேயே வைக்கும் மருந்து என 2018-ல் அமெரிக்காவில் இரண்டுக்கு அனுமதி கிடைத்தது. கை நடுங்குபவர்களுக்கும் தனியாக வாழ்பவர்களுக்கும் இவை பரவலாகக் கிடைக்கும் நாள் வர வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை குப்பிதான்.

ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: வலி கூடிக்கொண்டே போவது, பார்வை முந்தின நாளைவிட மங்குவது, சிவப்பு அதிகரிப்பது, சீழ் போல் வடிவது, இவற்றில் எது வந்தாலும் அது சொட்டைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கும் நேரம் கிடையாது. நள்ளிரவானாலும் அறுவை செய்த மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

நாளைக் காலை முதல் வேளைக்கு, துகள் மருந்துக் குப்பிகள் இரண்டையும் குலுக்கி, மூன்று மருந்திலும் ஒரே ஒரு சொட்டு விட்டு, ஒவ்வொன்றுக்கும் பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் மூலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு தொண்டை கசக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். நேற்றைவிடக் குறைந்திருக்கிறது என்று சொன்னால், அந்த அளவுக்கு மருந்து கண்ணிலேயே நின்றிருக்கிறது.